காப்பு நாட்களில் வந்த பன்றிகள்

எங்கள் கடலைக் காட்டுக்குப் பன்றி முதன்முதலாகப் பட்டப்பகலில் வந்தது, ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய ஐந்தாம் நாள். பிற்பகல் நான்கு மணி இருக்கும். நான் வரப்பில் நின்றிருந்தேன். அது என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டுச் செடியின் அடியில் மூக்கை நுழைத்துத் தின்னத் தொடங்கியது.

அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரிய, அதற்கு முன் அவை எப்படி வந்துகொண்டிருந்தன என்று சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வடக்கே அழகர்கோவில் மலை. மலைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு கண்மாய். கண்மாயை ஒட்டித் தென்பக்கம் எங்கள் நிலம், ஒரு ஏக்கர் இருபது சென்ட், ஒரு கிணறு. நான் பத்தாவது வரை படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த நிலத்தைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. எனக்கு ஆட்களோடு பேச வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் வந்துவிடுவேன். நிலத்தில் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆரம்பத்தில் பன்றிகள் பொழுது சாயும்போதே மலையிலிருந்து இறங்கிவிடும். பதினைந்து இருபது சேர்ந்து, உர் உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு வரும். வருவது தூரத்திலேயே தெரியும். தகரத்தைத் தட்டினால் வந்த வழியே திரும்பி ஓடும்.

பிறகு வேட்டை அதிகமானது. எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் அதில் கெட்டிக்காரர். என் மனைவிக்கு அண்ணன் முறை, என்னைவிட மூத்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவரிடம் நான்கு நாய்கள் இருந்தன. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மலையடிவாரத்தில் வலை கட்டி, நாயை விட்டு விரட்டுவார். வேறு யாரோ பழத்துக்குள் வெடிமருந்தை வைத்துப் பன்றி வரும் பாதையில் போட்டார்கள். வனத்துறைக்காரர்கள் வந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாமாவின் மேல் ஒரு வழக்கு இன்றும் நடக்கிறது. அப்படியும் வேட்டை முழுதாக நிற்கவில்லை. வேட்டைக்குப் போகாதவர்களும் ராத்திரியில் காவலுக்குப் படுத்து, வெடி போட்டு, நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

ஒவ்வொன்றுக்கும் பன்றிகள் தங்கள் போக்கை மாற்றிக்கொண்டன. பொழுது சாய வந்தவை பத்து மணிக்கு வரத் தொடங்கின. பத்து மணிக்கு வெடி போட்டோம். ஒரு மணிக்கு வந்தன. ஒரு மணிக்கு விழித்திருந்தோம். மூன்று மணிக்கு, நாங்கள் எல்லாரும் அசந்து தூங்கும் நேரத்துக்கு வந்தன. பெரிய கூட்டம் மூன்றும் நான்குமாகப் பிரிந்தது. உர்ரென்ற சத்தமே இல்லாமல் போனது. வரப்போரத்தில் ஒரு தாய்ப்பன்றி மட்டும் முதலில் வந்து வெகுநேரம் நின்றிருக்கும். காலையில் பார்த்தால் அது நின்ற இடத்தில் நான்கு குளம்பும் ஆழமாகப் பதிந்திருக்கும். காவல்காரனின் பீடி வாடை அடித்த அன்று அந்தத் தடம் அப்படியே திரும்பிப் போயிருக்கும். பழத்தைக் கடித்து ஒரு பன்றிக்கு வாய் சிதறிய பிறகு, பாதையில் தானாக விழுந்துகிடந்த பனம்பழத்தைக்கூட மற்றவை தொடவில்லை. அழுகி ஈ மொய்த்துக் கிடந்தது.

இன்னொன்றும் செய்தன. மலையடிவாரத்தில் நாய் வைத்து விரட்டியதால் அவை மலையை விட்டன. ஊருக்குப் பக்கத்தில் வந்து, கண்மாய்க்குள் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்துக்குள் பகலெல்லாம் படுத்துக்கொண்டன. அந்த முள்ளுக்குள் நாய் போகாது, மனிதனும் போக முடியாது. வேட்டைக்கு ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். பன்றிகள் எங்கள் கிணற்றிலிருந்து இருநூறு அடி தூரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்.

“நம்ம ஒன்னு படிக்கிறதுக்குள்ள அதுக ரெண்டு படிச்சிருதுக மாப்ள” என்பார் மாமா. “பள்ளிக்கூடத்துல சேத்துருந்தா இந்நேரம் கலெக்டராயிருக்கும்.”

நாங்களும் சும்மா இருக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பழைய சேலைகளை நிலத்தைச் சுற்றிக் கட்டினேன். ஒரு வாரம் பன்றி வரவில்லை. என் மனைவிதான் கேட்டாள்.

“அந்தப் பச்சச் சேலைய ஏங்க கட்டுனீங்க?”

“கிழிஞ்சிருந்துச்சே.”

“முந்தானைதான கிழிஞ்சிருந்துச்சு. பன்னி என்ன முந்தானையவா பாக்கப் போகுது?”

எட்டாம் நாள் பச்சைச் சேலைக்கு அடியில் நுழைந்து வந்திருந்தன. அதன் பிறகு புதூரில் ஒரு சலூனில் இருந்து சாக்கு நிறைய முடி வாங்கி வந்து வரப்பில் தூவினேன். மனித வாடைக்கு வராது என்றார்கள். பத்து நாள் தாங்கியது. மாமா வரப்பில் நின்று சிரித்தார். “புதூர்க்காரன் முடியெல்லாம் உங்க காட்டுலதான் கெடக்கு. பன்னி மோந்து பாத்துட்டு, ஷாம்பு நல்லாருக்கேன்னுட்டுப் போகுது.”

இப்படி மூன்று வெள்ளாமை போனது. ஒரு தடவை சோளம், இரண்டு தடவை கடலை. மூன்றாவது முறை, செடியெல்லாம் மல்லாந்து கிடந்த காட்டில் நின்று என் மனைவி அழவில்லை, திட்டவும் இல்லை. வீட்டுக்கு வந்து தன் தம்பிக்கு போன் போட்டாள். அவளுடைய தம்பி மதுரை கே.கே. நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் மோட்டார், கரண்டு வேலை பார்க்கிறவன். அங்கே கேட்டில் வாட்ச்மேன் வேலை காலியாகப் போகிறது என்று ஏற்கனவே சொல்லியிருந்தான்.

“இன்னும் ஒரு கடலை போட்டுப் பாப்போம்” என்றாள் என்னிடம். “இதுவும் போச்சுன்னா நீங்க அங்க போயிருங்க. நான் இங்க மாட்டப் பாத்துக்கிறேன்.”

வாட்ச்மேன் வேலையில் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். உட்கார்ந்திருக்கிற வேலைதானே. ஒருமுறை மைத்துனனைப் பார்க்க அங்கே போனபோது, அந்த கேட்டில் இருந்தவரை நான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, யாரு, எந்த வீடு, யாரைப் பாக்கணும் என்று கேட்டார். கார்க்காரர் ஒருவர் முறைத்தார். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். ஒரு நாளைக்கு நூறு பேரை நான் அப்படிக் கேட்க வேண்டும். எனக்கு அந்தக் கடலை அவ்வளவு முக்கியமாக இருந்ததற்கு இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அந்தக் கடலை மார்கழியில் விதைத்தது. நன்றாக வந்தது. நானும் மாமாவும் முறை வைத்துக் காவலுக்குப் படுத்தோம். அவருடைய நாய்கள் இரண்டு காட்டையும் சுற்றி வந்தன. வாரத்துக்கு இரண்டு வெடி போட்டோம். பன்றி வரப்பு வரை வந்து திரும்பியதே தவிர உள்ளே இறங்கவில்லை. பங்குனி பிறந்தது. பிடுங்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கும்போது, மாரியம்மன் பொங்கலுக்கு நாள் குறிக்க ஊர்க்கூட்டம் என்று சாட்டினார்கள்.

எங்கள் ஊரில் காப்புக் கட்டினால் பத்து நாள். அந்தப் பத்து நாளும் இரவில் யாரும் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. வெடி கோவிலில் மட்டும்தான். காப்பு நாளில் எங்கேயும் ரத்தம் சிந்தக் கூடாது என்பதால் வேட்டை நாய்களைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். எங்கள் நிலம் எல்லைக் கல்லுக்கு வெளியே இருக்கிறது.

என் மனைவி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். “பதினஞ்சு நாள் தள்ளி வைங்கன்னு கேளுங்க. கடலை பிடுங்கிறட்டும்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான். ஒரு வார்த்தை.”

“சரி.”

“கேப்பீங்கள்ல?”

“கேக்குறேன்னுதான சொல்றேன்.”

அவள் கூட்டத்துக்கு வர முடியாது. மந்தையில் ஆண்கள்தான் கூடுவார்கள். நான் போய் ட்யூப்லைட் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். வரும் வழியெல்லாம் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஊர்த்தலைவர் நாளைச் சொன்னார். வருகிற செவ்வாய்க்கிழமை காப்பு. பிறகு வழக்கமான விதிகளைச் சொல்லிவிட்டு, “எல்லாருக்கும் சம்மதந்தானப்பா? யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். “யாரது, கம்பத்துக்குப் பின்னாடி? என்ன, ஏதோ சொல்ல வந்தாப்புல இருக்கு?” என்றார் தலைவர்.

“இல்லண்ணே. தூசி.”

“அவருக்குத் தண்ணி குடுங்கப்பா. வருசத்துக்கு ஒருக்க வாயத் திறக்குறாரு, அதுவும் தூசிக்கு” என்றார் யாரோ. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டம் கலைந்தது.

வீட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் எனக்கு உண்மையைச் சொல்ல முடியவில்லை.

“கேட்டேன். ஒத்துக்கல.”

“யாரு ஒத்துக்கல?”

“தலைவருதான்.”

“நல்லா இருக்கட்டும். அவுக காட்டுலயும் பன்னி பூரட்டும்.”

மறுநாளிலிருந்து தெருக்குழாயில் தலைவரின் மனைவியைப் பார்த்தால் என் மனைவி பேசுவதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள். அந்த அம்மாளுக்கு எதனால் என்று புரிந்திருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். முதல் இரவு காட்டில் யாரும் இல்லை. புதன்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். வரப்பில் தாய்ப்பன்றி நின்ற தடம் மட்டும் இருந்தது. வெகுநேரம் நின்றிருக்கிறது. உள்ளே இறங்கவில்லை. மூன்று மாதமாக வெடியும் நாயும் இருந்த இடம் திடீரென்று அமைதியானால் அதுவும் சந்தேகப்படும் போல. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

வியாழக்கிழமை காலை, ஓரமாக ஒரு சால் வரிசையில் ஏழெட்டுச் செடி புரண்டு கிடந்தது. வெள்ளிக்கிழமை நான்கு சால் போயிருந்தது. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இல்லை, அகலமாகப் பரவிக் கிடந்தன. பயந்து வரிசையாக வந்தவை சாவகாசமாகப் பரவித் தின்றிருக்கின்றன. அன்றைக்கே சாயங்காலம், நான் ஊருக்குத் திரும்ப எல்லைக் கல்லைத் தாண்டும்போது, பின்னால் கண்மாய்க்குள்ளிருந்து உர்ரென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை, ஐந்தாம் நாள், மதியத்திலிருந்தே வரப்பில் நின்றேன். நான்கு மணிக்குக் கருவேலத்தை விலக்கிக்கொண்டு ஒரு தாய்ப்பன்றி வெளியே வந்தது. பின்னால் உடம்பில் கோடு போட்ட ஆறேழு குட்டிகள். வெயில் அதன் முதுகு மயிரில் அடித்தது. இத்தனை வருடம் நான் அவற்றின் தடத்தைத்தான் பார்த்திருக்கிறேன். வெளிச்சத்தில் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். அது நின்று என்னைப் பார்த்தது. நான் கத்த நினைத்தேன். சத்தம் வரவில்லை. கையைத் தட்டினேன். குட்டிகள் காதை நிமிர்த்தின. தாய் அசையவில்லை. நாய் இருக்கிறதா என்று என் காலடியைப் பார்த்தது போல எனக்குத் தோன்றியது. பிறகு குனிந்துகொண்டது. கடலையை அது மெல்லும் சத்தம் எனக்குக் கேட்டது.

மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். நான்கு அடி தள்ளிப் போய் அங்கே தின்றது. நான் விரட்டிப் போனால் ஓடும், நின்றால் திரும்பும். இருட்டப்போகிறது, நான் ஊருக்குள் போயாக வேண்டும் என்பது அதற்கும் தெரிந்தது போலத்தான் இருந்தது. எனக்குக் கால் வலித்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது என் மனைவி மாட்டுக்குப் புல் அறுக்க வந்தாள். பின்னாலேயே மாமா, ஒரு நாயைச் சங்கிலியில் பிடித்தபடி வந்தார். நாயைக் கண்டதும் பன்றிகள் ஒரே பாய்ச்சலில் கருவேலத்துக்குள் போய்விட்டன. நாய் இழுத்தது. மாமா சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

“அவுத்துவிட முடியலையே மாப்ள. பத்து நாளும் அதுகளுக்குத்தான் திருவிழா” என்றார். பிறகு புரண்டு கிடந்த சால்களைப் பார்த்துவிட்டு, “நீங்க அன்னைக்கு மந்தையில ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? முந்தி நெல்லு அறுக்கணும்னு ஒருத்தன் கேட்டதுக்கு எட்டு நாள் தள்ளி வச்சாங்களே. கேட்டா வச்சிருப்பாங்க. நீங்க தூசின்னுட்டீங்க” என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

என் மனைவி கையில் அரிவாளோடு நின்றாள். “கேட்டேன்னு சொன்னீங்க” என்றாள்.

நான் வரப்பிலிருந்து எழுந்து நின்றேன்.

“தலைவரு வீட்டு அக்காகூட ஒரு வாரமா பேசாமக் கெடக்கேன்” என்றாள்.

மாமா நாயை இழுத்துக்கொண்டு மெதுவாகத் தன் காட்டுப் பக்கம் போய்விட்டார். அவள் கிணற்றைப் பார்த்தாள், பொழுதைப் பார்த்தாள். “மோட்டாரப் போடுங்க. ஈரமா இருந்தாத்தான் வேரோட வரும். காலையில பிடுங்கிருவோம்.”

“பிஞ்சா இருக்குமே. இன்னும் பதினொரு நாள் இருக்கு.”

“பதினொரு நாள் கழிச்சு எதப் பிடுங்குவீங்க?”

தண்ணீர் பாய்ச்சிவிட்டு இருட்டும் முன் ஊருக்குள் போனோம். வழியில் அவள் தலைவர் வீட்டுக்குள் நுழைந்தாள். நான் தெருமுனையில் நின்றேன். என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் காட்டுக்குப் போனோம். ராத்திரியில் கடலையில் இன்னும் கால்வாசி போயிருந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. பெண்கள் எல்லாரும் முளைப்பாரி வேலையில் இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சாலாகப் பிடுங்க ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் தலைவரின் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கினார். மூன்றாவது சாலைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கிக்கொண்டே என்னைக் கேட்டார்:

“ஏந்தம்பி, எங்க வீட்டுக்காரரு என்ன புலியா? கேட்டா கடிச்சா வைப்பாரு?”

“இல்லக்கா.”

“இந்த ‘இல்லக்கா’வ அங்க வந்து சொல்லிருக்கலாம்.”

என் மனைவி தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா என்று தெரியவில்லை.

அன்று முழுக்கப் பிடுங்கினோம். மதியத்துக்கு மேல் கருவேலத்தின் ஓரத்தில் பன்றிகள் வந்து நின்றன. நாங்கள் மூன்று பேர் குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றன. எங்களுக்கு விரட்டச் சக்தி இல்லை. அவற்றுக்கும் அவசரம் இல்லை. நாங்கள் பிடுங்கிய சாலுக்கு இரண்டு சால் தள்ளி, குட்டிகள் கிளறத் தொடங்கின. தலைவரின் மனைவி ஒரு செடியைச் சுருட்டி எறிந்தார். குட்டிகள் அதையும் தின்றன.

காயை ஆய்ந்து பார்த்தபோது அநேகமாக எல்லாம் பிஞ்சு. தோலை உரித்தால் உள்ளே பருப்பு வெள்ளையாக, தண்ணீர்போல இருந்தது. காய வைத்தால் சுருங்கிப்போகும். பச்சையாகவே அவித்து விற்கத்தான் ஆகும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை விற்கிற ஒருவருக்கு அதை மூட்டைகளாக அனுப்பினோம். விதைக்கு என்று எடுத்து வைக்க ஒரு படி முற்றின கடலை தேறவில்லை. அவள் நான்கு காயை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு மூட்டையிலேயே போட்டாள். இனி நான் மதுரைக்குப் போக வேண்டியதுதான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாப்பிட்ட பிறகு போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“தம்பிக்குப் போடுங்க. நீங்களே பேசுங்க. நான் பேச மாட்டேன்.”

வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டு விழும் சத்தம் கூடுதலாகவே கேட்டது. கடைசியில் போட்டேன்.

“சொல்லுங்க மாமா” என்றான் மைத்துனன். “அதிசயமா நீங்களே பேசுறீங்க?”

“அந்த வேலை இன்னும் இருக்கா?”

“இருக்கு. நாளைக்கே வேற ஆளுகிட்டச் சொல்லலாம்னு இருந்தாங்க. வாரீகளா?”

“வாரேன்.”

அவ்வளவுதான் பேசினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்துக்கொண்டாள். மந்தையில் நடந்ததைப் பற்றி அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். அன்று இரவே நாய்களை விட்டார்கள், நாலாபக்கமும் வெடி கேட்டது. மறுநாள் காலை நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பஸ் நிற்கும் ரோட்டுக்கு எங்கள் காட்டு வழியாகத்தான் போக வேண்டும். அவளும் கூட வந்தாள்.

பிடுங்கிப்போட்ட காட்டில் மேல்மண் காய்ந்து, அடிமண் இன்னும் ஈரமாக இருந்தது. பன்றிகள் ராத்திரியும் வந்திருக்கின்றன. ஆனால் தடம் பரவிக் கிடக்கவில்லை. கண்மாயிலிருந்து ஒரே கோடாக, ஒரு குளம்படியின் மேல் இன்னொரு குளம்படி வைத்து வந்து, நடுக்காட்டில் கொஞ்ச நேரம் கிளறிவிட்டு, அதே கோட்டில் திரும்பியிருந்தன. வரப்போரத்தில் தாய்ப்பன்றி நின்ற தடமும் ஆழமாக இருந்தது. ஒரே ராத்திரியில் பழையபடி ஆகிவிட்டன.

அவள் குனிந்து ஒரு தடத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். “இன்னும் காயல. மூணு மணிக்கு மேலதான் வந்திருக்கு” என்றாள்.

பிறகு ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு, பன்றி கிளறியிருந்த குழிப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கிளற ஆரம்பித்தாள். நாங்கள் பிடுங்கும்போது அறுந்து மண்ணுக்குள் நின்றுவிட்ட காய் அங்கேதான் இருக்கும். பன்றியின் மூக்குக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஒரு காய் வந்தது, இன்னொன்று வந்தது. அவற்றை மடியில் போட்டாள். இரண்டுமே விதைக்கு ஆகும் முற்றின காய்கள்.

“பஸ்ஸு வந்துரும், போங்க” என்றாள், தலையைத் தூக்காமல்.

நான் ரோட்டுக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அடுத்த குழிக்கு நகர்ந்திருந்தாள்.